வான்வேந்தனுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு

செலிக் பெர்ல்மட்டர் யார் என்று கேட்டால் அவன் குடியிருந்த வில்லியம்ஸ்பர்க்கிலேயே பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அவன் எழுத்தைப் படிக்காத பொடியன் அந்த நாளில் நியூயார்க்கில் ஒருத்தன்கூடக் கிடையாது. ஆரம்பத்தில் அவன் எழுதியதெல்லாம் கடைக் கண்ணாடிகளில்தான். மீன்கடை ஃபிஷலின் கண்ணாடியில் 'இன்று காலை துள்ளியது' என்று நீல வண்ணத்தில் எழுதினான் பாருங்கள், மீனே வாங்காதவர்கள்கூட நின்று படித்துவிட்டுப் போனார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர் மாக்ஸ் டோர்ஃப்மன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மன்ஹாட்டனில், ஒன்பதாம் மாடியில் காமிக்ஸ் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய பொத்தான் கிடங்கு, நாலு மேஜை, ஓயாமல் கத்தும் ஒரு முதலாளி.

படத்தில் வரும் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்தை நிரப்பத்தான் செலிக்கை எடுத்தார்கள். அடுத்தவன் எழுதிய அசட்டு வசனத்தை அழகான எழுத்தில் எழுதுவது எத்தனை நாளைக்கு முடியும்? எழுதும்போதே திருத்த ஆரம்பித்தான். திருத்தித் திருத்திக் கடைசியில் கதையையே அவன்தான் எழுதுகிறான் என்றாகிவிட்டது. கதை எழுதுபவனுக்கு டோர்ஃப்மன் ஒருநாள் உத்தரவு போட்டார்.

"எல்லாக் கம்பெனியிலயும் ஒரு பலசாலி இருக்கான். நமக்கும் ஒருத்தன் வேணும். பறக்கணும், தூக்கணும், உடைக்கணும். பேரு நானே வச்சுட்டேன். வான்வேந்தன்!"

செலிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முதலாளி, அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே."

"எந்தக் கம்பெனியில?"

செலிக் மேலே, கூரையைக் காட்டினான்.

"அடப் போய்யா! அவரு வழக்கா போடப் போறாரு?" என்றார் டோர்ஃப்மன்.

செலிக் அன்று ரயிலில் வீடு திரும்பும்போது மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காலையும் மாலையும் தவறாமல் ஜெபிக்கிற யூதன் அவன். சாப்பிடும் முன்பு ஒரு துதி, பின்பு ஒரு துதி. அவன் கையாலேயே இன்னொரு வானத்து ராஜாவை உண்டாக்குவதா? பொடியன்கள் இரவில் படுக்கும்போது யாரைக் கூப்பிடுவார்கள்? இவனையா, அவரையா? வேலையை விட்டுவிடலாம் என்றால் வீட்டில் ஃப்ரூமா விடுவாளா!

"விட்டுட்டு? மறுபடி கண்ணாடியில எழுதி, கூலிக்குக் கெண்டைமீனா?" என்றாள் அவன் மனைவி. கேட்டுவிட்டு அவளே ஒரு வழியும் சொன்னாள். அவளுக்கு அது வழி என்று தெரியாது, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "அவனுக்கும் ஓய்வுநாள் குடுத்துடுங்களேன். உங்களுக்கு மட்டும் லீவு, அவன் மட்டும் பறந்துக்கிட்டே இருக்கணுமா பாவம்."

செலிக் கரண்டியைக் கீழே வைத்தான். அட! அதுதானே! யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிற நேரம், வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும், வான்வேந்தனின் சக்தியெல்லாம் போய்விடும். சனிக்கிழமை இருட்டி, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் திரும்பி வரும். வாரத்தில் ஒரு நாள் அவன் இல்லாமல் உலகம் ஓடும். அது ஓடுகிறதைப் பார்த்தாலே போதும், ஓட்டுகிறவன் வேறு ஒருத்தன் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். ஓயவே ஓயாத ஒருவனைத்தான் ஜனங்கள் விழுந்து கும்பிடுவார்கள். விடுப்பு எடுப்பவனை யார் கும்பிடப் போகிறார்கள்?

ஏன் அந்த ஒரு நாள் என்று கதையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை செலிக். பொடியன்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவன் கிரகத்துச் சூரியன் அன்றைக்குத்தான் மங்கும் என்றான் ஒருத்தன். அன்றைக்குத்தான் உடுப்பைத் துவைத்துக் காயப் போடுகிறான் என்றான் இன்னொருத்தன். படம் வரையும் கார்மெலோ சிசிலிக்காரர்களின் பிள்ளை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "உங்காளு கிழமை மாத்தி லீவு எடுக்கிறான். ஞாயித்துக்கிழமை குடுத்திருந்தா எங்கூட வந்திருப்பான்" என்று கண்ணடித்தான்.

டோர்ஃப்மனுக்குப் புரியாமலா இருக்கும்? ஜெபக்கூடத்தில் ராகம் போட்டு வேதம் வாசிக்கிறவருடைய மகன் அவர். பதினாறு வயதில் சட்டைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோது அங்கே வாசலில் எழுதிப் போட்டிருந்தது: சனிக்கிழமை வராதவன் திங்கட்கிழமையும் வர வேண்டாம். சனிக்கிழமை போனார். அதன்பிறகு அப்பா அவரோடு பேசவே இல்லை. அந்தக் கதையை டோர்ஃப்மன் வருஷத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் குடித்திருந்தால், சொல்லுவார். வான்வேந்தனின் விடுப்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. இதழ் நன்றாக விற்றது, விட்டுவிட்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருஷம் ஆனது. விற்பனை சரிய ஆரம்பித்தது. எதிர்க் கம்பெனிப் பலசாலிகள் ஏழு நாளும் பறந்தார்கள்.

"ஏதாச்சும் பெருசா செய்!" என்று டோர்ஃப்மன் மேஜையைத் தட்டினார். செலிக்கும் உற்சாகத்தில் செய்துவிட்டான். பாவி மனுஷன், யோசிக்காமல் செய்துவிட்டான். டாக்டர் கரையான் என்ற வில்லன் வான்வேந்தனின் விடுப்பு நாளைக் கண்டுபிடித்துவிடுகிறான். வெள்ளிக்கிழமை, சூரியன் மறையும் நேரம். நகரத்திலேயே உயரமான கோபுரத்துக்குத் தீ வைக்கிறான். உச்சியில் ஒரு சிறுமி. வான்வேந்தன் கையை நீட்டித் தாவுகிறான், தெருவில் முகம் குப்புற விழுகிறான். 'தொடரும்.'

நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. பால்காரன் கேட்டான், முடிதிருத்துகிறவன் கேட்டான். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு? இதில் பெரிய கூத்து என்னவென்றால், எழுதியவனுக்கே தெரியாது!

சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறுமி பிழைப்பாள். ஆனால் ஒரு தடவை கொடுத்தால் அவ்வளவுதான், மாதம் ஒரு கோபுரத்துக்கு டோர்ஃப்மன் தீ வைக்கச் சொல்லுவார். ஓய்வுநாள் போயிற்று, இன்னொரு வானத்து ராஜா தயார். கொடுக்காவிட்டால் சிறுமி சாவாள். அதை எழுத எந்தக் கைக்கு வரும்? செலிக் மற்றப் பக்கங்களையெல்லாம் முடித்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. நாளை நாளை என்று தள்ளித் தள்ளி, அச்சகத்து வண்டி வருவதற்கு முந்தின நாளும் வந்துவிட்டது. அது ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமை. குளிர்காலத்துச் சூரியனோ, மதியம் சாப்பிட்டு எழுந்தால் கிளம்பத் தயாராக நிற்கும்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவனை டோர்ஃப்மன் வாசலிலேயே மறித்தார்.

"எங்க கிளம்பிட்ட? பக்கம் எங்க?"

"சூரியன் மறையப் போகுது முதலாளி."

"மறையட்டும்! நாளைக்கு ரெண்டு மணிக்கு வண்டி வருது. நாளைக்கு நீ வர்ற. எழுதுற. வரலேன்னா, கார்மெலோ அவனைப் பறக்க விட்டுருவான். அதோட அந்த லீவும் கிடையாது, இனிமே ஏழு நாளும் பறப்பான்." மூச்சு வாங்கிக்கொண்டு, கோபத்தில் அவர் வாயிலிருந்து அது வந்தே விட்டது. "சனிக்கிழமை வராதவன் திங்கட்கிழமையும் வர வேண்டாம்!"

சொன்னவர் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கார்மெலோ தூரிகையைக் கழுவுகிற பாவனையில் திரும்பிக்கொண்டான். செலிக் படியிறங்கினான். அழுகை வந்தது. வேலை போவதற்கா, வான்வேந்தன் போவதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

வெள்ளி இரவுச் சாப்பாட்டு மேஜையில் தொழில் பேசக்கூடாது. செலிக் பேசவில்லை. மீனைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"வாயாலதான் பேசக்கூடாது. அதான் மூஞ்சியில போஸ்டர் ஒட்டியிருக்கே" என்றாள் ஃப்ரூமா. பிறகு அவன் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைத்தாள். "போனா போகட்டும் விடுங்க. கண்ணாடியில எழுதுவீங்க. எனக்குக் கெண்டைமீன் பிடிக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கெண்டைமீன் பிடிக்காது.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் வழக்கம்போல ஜெபக்கூடத்தின் பின்னறையில் திராட்சை ரசமும் கேக்கும் உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீனும் வைத்தார்கள். செலிக் மூலையில் நின்றான். ஃபிஷல் நேரே அவனிடம் வந்தார். பிள்ளைகளுக்கு வாங்குவதாகச் சொல்லித் தானே காமிக்ஸ் படிக்கிற மனுஷன்.

"அந்தப் பொண்ணை என்னய்யா பண்ண?"

"இன்னும் தெரியலை."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? உயிரைக் காப்பாத்தணும்னா ஓய்வுநாளை மீறலாம். மீறலாம் என்ன, மீறியே ஆகணும்! பறக்கச் சொல்லு அவனை!"

தையற்கடை லைபிஷ் கேக்கோடு உள்ளே நுழைந்தார். "இரு இரு. முதல்ல அவன் யூதனா? அதைச் சொல்லு."

"அவன் வேற கிரகம்யா."

"கிரகம் எதுவா இருந்தா என்ன? அம்மா யூதப் பொண்ணுன்னா பிள்ளையும் யூதன்தான். அம்மா யாரு?"

"அம்மா கிரகத்தோட வெடிச்சுப் போயிட்டா."

"அடப்பாவமே. சரி, அதுக்கு முன்னாடி அவ எங்க ஜெபத்துக்குப் போனா?"

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கேட்கவா வேண்டும்! யூதன் இல்லையென்றால் ஓய்வுநாளே அவனுக்கு இல்லை என்றது ஒரு கட்சி. பூமியில் குடியிருந்தால் பூமியின் கிழமைதான் என்றது இன்னொரு கட்சி. லைபிஷுக்கு இன்னொரு யோசனை வந்தது. "மேற்கால பார்த்துப் பறந்துக்கிட்டே இருந்தா சூரியன் மறையவே மறையாதேய்யா! அவனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வராது!"

"அப்போ உன் கடையில தைக்கக் குடுத்த கோட்டு மாதிரிதான். அதுவும் வராது" என்றார் ஃபிஷல்.

செலிக்குக்கு எரிச்சலாக வந்தது. "சட்டம் அவனைத் தடுக்கலய்யா! சக்தியே இல்ல அவனுக்கு. விழுந்து கிடக்கிறான். இன்னைக்குச் சக்தியைக் குடுத்தேன்னா நாளைக்கு அவன் சாமியாயிடுவான். குடுக்கலேன்னா அந்தக் குழந்தை செத்துடும். இப்பச் சொல்லுங்க!"

சுவரோரத்தில் நோசன் நின்றிருந்தான். போன வருஷம்தான் கப்பலில் வந்து இறங்கியவன், துணித் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறான். போரில் யூதர்களைக் கொன்று குவித்ததில் ஊரில் அவன் வீட்டில் யாருமே மிஞ்சவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. காமிக்ஸ் என்றால் என்னவென்றே அவனுக்குச் சரியாகத் தெரியாது.

"அவனுக்குக் கால் இருக்கா?" என்று கேட்டான் நோசன்.

"என்னது?"

"வெள்ளிக்கிழமை ஆனா காலும் போயிடுமா?"

"கால் இருக்கு" என்றான் செலிக்.

"அப்புறம் என்ன. நடந்து ஏறச் சொல்லு." நோசன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்தான். "எங்களுக்காகப் பறந்து வரணும்னு நாங்க யாரையும் கேட்கலை. நடந்து வந்திருந்தாலே போதும். ஒருத்தரும் வரலை."

அவன் மீனைத் தின்றான். லைபிஷ் கேக்கைக் கீழே வைத்துவிட்டார். ஃபிஷல் எதையோ பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் போனார். செலிக்குக்கோ, வெட்கக்கேடு, கடைசிப் பக்கம் கட்டம் கட்டமாகக் கண்முன்னே ஓடியது. ஓய்வு சக்திக்குத்தான். மனுஷனுக்கு என்ன வந்தது?

கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? ஓய்வுநாளில் பேனாவைத் தொடக்கூடாது. தொலைபேசியை எடுக்கக்கூடாது. ரயில், பஸ் ஏறக்கூடாது. வண்டி வரும் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நடக்கலாம்! நடக்க யார் தடை?

வெளியே வந்தால் மழை. குடை பிடிக்கக்கூடாது. தெருவில் எதையும் சுமக்கக்கூடாது, சட்டைப் பையில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளக்கூடாது என்பதால் வழக்கம்போல அதை உடுப்பு மாதிரி மணிக்கட்டில் கட்டியிருந்தான். ஜெபக்கூட மாடியில் பெண்கள் உட்காரும் பக்கத்திலிருந்து இறங்கி வந்த ஃப்ரூமா அவன் போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு வாசற்படிக்கு ஓடிவந்தாள். கையில் கொடுத்தால் தூக்கிக்கொண்டு போகக்கூடாதே, ஒரு துண்டு கேக்கை அவன் வாயிலேயே திணித்தாள்.

"எங்க போறீங்கன்னு நான் கேட்கலை. கேட்டா தொழில் பேசின மாதிரி ஆயிடும். சீக்கிரம் போங்க!"

வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் காற்று ஆளைத் தள்ளியது. ஆறு கீழே கன்னங்கரேலென்று கிடந்தது. செலிக் நனைந்த கோட்டோடு நடந்தான், ஓடினான், மறுபடி நடந்தான். கட்டடத்தின் வாசலில் லிஃப்ட் ஓட்டுகிற டோனல் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுய்யா செலிக். நனைஞ்ச பூனை மாதிரி இருக்க."

"கூடாது டோனல். இன்னைக்குக் கூடாது."

"ஒன்பது மாடிய்யா! உங்க சாமிக்கு இரக்கமே கிடையாதா?"

"அவரும் இன்னைக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் படியேறினான் செலிக். ஐந்தாம் மாடியில் மூச்சு நின்றது. ஏழாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டான். இப்படித்தான் இருக்கும் அவனுக்கும், என்று நினைத்தான். இதோடு புகையும் சேர்ந்தால்?

கதவைத் திறந்தால் கார்மெலோ கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வான்வேந்தனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். டோர்ஃப்மன் செலிக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்னய்யா கோலம் இது? குடை எங்க?"

"பிடிக்கக்கூடாது."

"லிஃப்ட்டு?"

"ஏறக்கூடாது."

"பேனா?"

"தொடக்கூடாது."

"அப்புறம் எதுக்குய்யா வந்த? இன்னைக்கு உனக்கு லீவாச்சே!"

"வேலை செய்யறதுக்குத்தான் லீவு. வர்றதுக்கு என்ன?" என்றான் செலிக், தண்ணீர் சொட்டச் சொட்ட. முதலாளியிடம் பேசினால் அது தொழில் பேச்சாகிவிடும். அதனால் நாற்காலியைக் கார்மெலோ பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். "கார்மெலோ, உனக்கு ஒரு கதை சொல்றேன். சும்மா கதைதான். நீ எதுவும் செய்ய வேண்டாம்."

கார்மெலோ புரிந்துகொண்டு ரப்பரை எடுத்தான். செலிக் சொன்னான். ஒருத்தன் இருந்தான். பறப்பான், அன்றைக்குப் பறக்க முடியவில்லை. எழுந்து, மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, படியேறினான். ஒவ்வொரு மாடியிலும் நெருப்பு. இரும்பையே உடைக்கிற கைகள் கைப்பிடிச் சூட்டில் கொப்பளித்தன. பயந்தான், முதல் தடவையாகப் பயந்தான். ஆனாலும் ஏறினான். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். கீழே ஜனங்கள் நின்றார்கள். யாரும் அவனைக் கும்பிடவில்லை. ஒரு கிழவர் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினார். அவ்வளவுதான் கதை.

கார்மெலோவின் கண் மின்னியது. "ரெண்டு கையிலயும் காயத்தோட ஒருத்தன்! செலிக், எங்க கோயில்ல அவரைத்தான் மாட்டி வச்சிருக்கோம்!"

"ஐயையோ, அப்படியெல்லாம் வரைஞ்சு வைக்காதே!" என்று செலிக் அலறினான். டோர்ஃப்மன் ஒன்றும் சிரிக்கவில்லை. செலிக்கின் காலடியில் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன முடிவு செய்தார் என்று கேட்க முடியாது, கேட்டால் தொழில். செலிக் எழுந்து, "ஓய்வுநாள் சமாதானம்" என்று வாழ்த்திவிட்டு இறங்கினான். பதிலுக்கு வாழ்த்தை டோர்ஃப்மன் சொன்னாரா, இல்லை காதில் அப்படி விழுந்ததா என்று பாலம் முழுக்க யோசித்துக்கொண்டே போனான்.

திங்கட்கிழமை பயந்து பயந்து கதவைத் திறந்தான். டோர்ஃப்மன் தலை நிமிராமலேயே கத்தினார். "மேஜையில வேலை மலைமாதிரி கிடக்கு, நின்னு வேடிக்கை பார்க்கிறியா?" அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் சனிக்கிழமையைப் பற்றி வாயை யாரும் திறக்கவில்லை. சனிக்கிழமை கதவையும் யாரும் திறக்கவில்லை.

இதழ் அச்சாகி வந்தது. செலிக் நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். கார்மெலோ பிரமாதமாக வரைந்திருந்தான். நெருப்பின் நடுவே உச்சி மாடியில் வான்வேந்தன் தவழ்ந்து வருகிறான். பேச்சுக் குமிழிகளிலோ, கடவுளே, கோணல்மாணலான, குழந்தை எழுதியது போன்ற எழுத்து! கார்மெலோ முதலாளி பக்கம் கை காட்டினான். பேனாவைப் பிடுங்கி எழுதியது டோர்ஃப்மன்தானாம்.

சிறுமி கேட்கிறாள்: "இன்னைக்கு உனக்கு லீவாச்சே?"

வான்வேந்தன் சொல்கிறான்: "பறக்கிறதுக்குத்தான் லீவு. வர்றதுக்கு இல்ல."

அந்த எழுத்தில் மை இரண்டு இடத்தில் சிந்தியிருந்தது. செலிக் அதைத் திருத்தச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

இதழை அவன் முதலில் கொண்டுபோய்க் காட்டியது நோசனிடம். நோசனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. இஸ்திரி மேஜையில் விரித்து வைத்து செலிக் தங்கள் யூதப் பாஷையில் ஒவ்வொரு குமிழியாகப் படித்துச் சொன்னான். நோசன் கேட்டான். கடைசிக் குமிழியைத் திரும்பப் படிக்கச் சொன்னான். படித்தான். இன்னொரு தடவை கேட்டான்.

"இந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றான் நோசன்.

"பேரு வைக்கலையே."

நோசன் அந்தப் படத்தின் மேல், மை ஒட்டாதபடி, விரலை மெதுவாக வைத்தான்.

"என் தங்கச்சி பேரு ஹின்டே" என்றான்.

அதற்குப் பிறகு செலிக் பல வருஷம் அந்தக் கதையை எழுதினான், கம்பெனி கைமாறிய பிறகும் எழுதினான். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டான், தாத்தாவானான், கெண்டைமீன் பக்கமே போகவில்லை. வான்வேந்தன் ஒரு சனிக்கிழமைகூடப் பறக்கவில்லை. அவனுக்கு ஒரு சிநேகிதி உண்டு, கோபுரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த பெண். எல்லா இதழிலும் வருவாள், பள்ளிக்குப் போவாள், வளர்ந்து பெரியவளானாள், கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பெயர் ஹின்டே.